கருத்தரங்கு உதகையில், அப்பா கேட்பதோ ஒரு சின்கோனா மரம்

எழுதியவர்: பொருநைக்கரை

வணக்கம். திருநெல்வேலியில் ஒரு பார்மசி கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். வருகிற பிப்ரவரியில் உதகமண்டலத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கு நடக்கிறது. வெள்ளி, சனி இரண்டு நாளும் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை அமர்வுகள். வியாழன் மதியம் மலைக்கு வந்துவிடுவேன். ஞாயிறு இரவு கோயம்புத்தூரில் ரயில் ஏற வேண்டும். ஆக, கையில் இருப்பது ஒரு மாலை, இரண்டு அதிகாலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்பாவையும் அழைத்து வருகிறேன். வயது 80. அரசு மருத்துவமனைகளில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரை அட்டைகள் வருவதற்கு முன்பு, அளவுக் குவளையும் கல்வமும் வைத்துக்கொண்டு மருந்தைக் கையால் கலக்கிக் கொடுத்த தலைமுறை. உதகை என்று சொன்னதும் அவர் ஏரியைக் கேட்கவில்லை, பூங்காவையும் கேட்கவில்லை. "கொய்னா மிக்ஸ்சர் எத்தனை புட்டி கலந்திருப்பேன், அந்தப் பட்டை எந்த மரத்திலிருந்து வருகிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார்.

கொய்னா என்பது மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த குயினைன் மருந்து; சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. அந்த மரம் நீலகிரியில் இப்போதும் இருக்கிறதா? எங்கே? வயதானவரை அழைத்துக்கொண்டு நடந்தே பார்க்கக்கூடிய பழைய இடங்கள் ஊருக்குள் எவை? படகும் சாக்லேட் கடையும் எங்களுக்கு வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எழுதியவர்: பல்சக்கரம்

சகோதரி, வருவதிலிருந்தே தொடங்குகிறேன். புதன்கிழமை இரவு கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிட்டு, வியாழன் காலை மலை ரயிலில் ஏறுங்கள். மேட்டுப்பாளையத்தில் 7.10க்குப் புறப்பட்டு நண்பகல் வாக்கில் உதகை சேரும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா என்று அப்பா கேட்டால், கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து குன்னூர் வரைக்கும் பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஓடும். இன்ஜினின் அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். பன்னிரண்டரை அடி போவதற்குள் ஓர் அடி உயரம் ஏறுகிற சரிவு அது. இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார். அவர்கள் கொடி காட்டிப் பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும்.

1899இல் குன்னூர் வரை வந்த பாதை 1908இல்தான் உதகையை எட்டியது. 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

டிக்கெட்டை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் குன்னூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து உதகைக்கு ரயில் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று போகும். காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருபவர்களுக்கு அது தேவையில்லை.


எழுதியவர்: நேர்கோடு

உங்கள் தந்தையின் ஆசை நியாயமானது, அம்மா. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் கருத்தரங்குகளைப் பல ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவன் என்பதால் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

மலை ஊரில் கருத்தரங்கு என்றால் தொடக்க விழாவுக்கு அரங்கம் நிறைந்திருக்கும். மதிய உணவுக்குப் பிறகு பாதி நாற்காலி காலி. மூன்று மணி அமர்வில் பேச வருபவர் பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சி மாணவராக இருப்பார். முதல் முறையாக மேடை ஏறுகிறவர். இரண்டு ஆண்டு உழைப்பைப் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார். எதிரே பதினோரு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்லூரி பயணப்படி கொடுத்து அனுப்புவது அந்த நாற்காலியில் உட்காருவதற்காக. ஊரைப் பாருங்கள், மூன்று மணி அமர்வை விட்டுவிட்டுப் பார்க்காதீர்கள்.


எழுதியவர்: பொருநைக்கரை

ஐயா, நீங்கள் சொல்வது என் மனத்தில் இருப்பதுதான். ஓர் அமர்வையும் விடமாட்டேன். அதனால்தான் அதிகாலையையும் மாலையையும் கேட்டேன். சனிக்கிழமை முற்பகல் என் போஸ்டர் விளக்கமும் இருக்கிறது. யாராவது நின்று படிக்க மாட்டார்களா என்று காத்திருக்கும் இடத்தில் நானும் நிற்கப்போகிறேன்.


எழுதியவர்: ஒத்தைக்கல்

அம்மணி, உதகையில் பிறந்து வளர்ந்தவன் நான். அரசு தாவரவியல் பூங்காவில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சின்கோனா மரத்தைத் தேடி வருகிறார் ஒரு பெரியவர் என்று படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் ஊருக்கு வருபவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.

மரம் இருக்கிறது. நடுவட்டத்துக்குப் போக வேண்டும். உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில், பைக்காராவைத் தாண்டி. கூடலூர் பஸ் எல்லாம் அந்த வழிதான். தோட்டம் தோட்டமாக நின்ற காலம் போய்விட்டது. தேயிலைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையை அதற்கே ஒதுக்குங்கள்.

மரத்தின் கதையைப் பூங்காவிலிருந்து தொடங்கினால்தான் பொருத்தமாக இருக்கும். வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்கிற தோட்டக்காரர், லண்டன் கியூ பூங்காவில் பழகியவர், 1848 வாக்கில் இங்கே வந்து சதுப்பும் சரிவுமாகக் கிடந்த இடத்தை 22 ஹெக்டேர் பூங்காவாக மாற்றினார். பிறகு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்கிற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவரும் வேலையில் இறங்கியபோது, 1860இலிருந்து அந்த விதைகளையும் நாற்றுகளையும் நீலகிரியில் வளர்த்துக் காட்டியவர் அதே மெக்ஐவர்தான். தொட்டபெட்டா சரிவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார். பட்டை எடுக்க மரத்தையே வெட்ட வேண்டியிருந்த காலம் அது. அவர் பட்டையை நெடுக்குவாட்டில் கீற்றுக் கீற்றாக உரித்துவிட்டு, உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. மரமும் பிழைத்தது. தோட்ட வேலை செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இது பெரிய கெட்டிக்காரத்தனம். புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் போல மரத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்.

வியாழன் மாலை: சேரிங் கிராஸில் ஆடம் நீரூற்றைப் பாருங்கள். 1881இல் இங்கே இறந்துபோன சென்னை கவர்னர் வில்லியம் பாட்ரிக் ஆடம் நினைவாக எழுப்பியது. அங்கிருந்து ஆட்டோவில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஏறிவிடுங்கள், மேட்டுப் பாதை அப்பாவுக்கு வேண்டாம். 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே போனதும் கூரையை நிமிர்ந்து பாருங்கள். அந்த உத்தரங்களும் மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. எந்தத் தேக்கைத் தொட்டாலும் எனக்கு அந்த அரண்மனைதான் நினைவுக்கு வரும். பின்புறச் சரிவில் கல்லறைகள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து இந்த ஊரை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டாவும் மகளும் அங்கே இருக்கிறார்கள். சல்லிவன் இங்கே இல்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி 1855இல் அங்கேயே இறந்தார்.

வெள்ளி அதிகாலை: பூங்கா. பிப்ரவரியில் புல் மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏற ஏற, நிழல் விழும் இடம் மட்டும் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் பச்சையாகவும் பிரிந்து நிற்கும். கீழ்த்தளம் சமதரை, அப்பா தாராளமாக நடக்கலாம். கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று இருக்கிறது, இரண்டு கோடி ஆண்டுப் பழையது. மேலே ஏறவே வேண்டாம்.

சனி அதிகாலை ஓய்வெடுங்கள். நேரம் மிஞ்சினால் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் கல் பங்களாவை வெளியிலிருந்து பாருங்கள். 1822இல் சல்லிவன் கட்டத் தொடங்கிய வீடு. ஊரின் முதல் ஐரோப்பிய வீடு அதுதான்.


எழுதியவர்: கேத்திக்காரர்

ஒத்தைக்கல் ஐயா எழுதியதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் "இந்த ஊரை உண்டாக்கிய" என்கிற சொல் என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான் படகர், பள்ளி ஆசிரியர். வெளியூர்ப் பிள்ளைகள் சுற்றுலா வரும்போது, "இது வெள்ளைக்காரர் கட்டிய ஊர்தானே சார்" என்று கேட்பார்கள். கட்டடங்களை வைத்தே வரலாற்றை எண்ணினால் அப்படித்தான் தோன்றும்.

ஐயா, உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது. ஒத்தைக்கல் மந்து என்பதுதான் உதகமண்டலம் ஆயிற்று என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மந்து என்றால் தொதவர் குடியிருப்பு. அந்தப் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து இருக்கிறது. எருமையும் பால்மனையும் புல்வெளியுமாக அவர்கள் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோத்தர்கள் ஏழு ஊர்களில் இருந்து மண்பானையும் இரும்புக் கருவியும் செய்து கொடுத்தார்கள். எங்கள் ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், கேழ்வரகும் சாமையும் விளைந்தன. குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் தேன் எடுத்தார்கள். கல்லில் வீடு கட்டாததால் மட்டும் ஒரு மக்கள் வரலாற்றுக்கு வெளியே போய்விட மாட்டார்கள்.

சகோதரி, தொதவர் மந்துவுக்குப் போனால் முதலில் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். பால்மனைக் கோயிலை நெருங்க வேண்டாம், பெண்கள் அதன் பக்கம் போவதில்லை. அனுமதி கேட்காமல் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். அது அவர்கள் வீடு. வாங்க விரும்பினால் பூத்தையல் சால்வை வாங்குங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். கோலமோ அச்சோ எதுவும் வரையாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைக் கோத்து எடுப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். விலை பேசும்போது அந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, படகர் வீட்டு அவரை உதக்காவும் கேழ்வரகுக் களியும் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். குளிருக்கு அதைவிட இதமானது வேறு இல்லை.


எழுதியவர்: ஒத்தைக்கல்

ஆசிரியர் தம்பி சொல்வது சரி. "உண்டாக்கிய" என்பதைத் திருத்திக்கொள்கிறேன். பூங்காவில் வேலை பார்த்த காலத்தில் மேலே மந்துவிலிருந்து இறங்கி வரும் பெரியவரோடு தினமும் தேநீர் குடித்தவன் நான். எனக்கே நாக்கு பழகிப்போய்விட்டது. சல்லிவனுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். மலை நிலத்தில் தொதவர்களுக்கு உரிமை உண்டு என்று தன் மேலிடத்தோடு வாதாடிய அதிகாரி அவர். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் முதலில் தங்கிய பங்களா இப்போது ஆவணக் காப்பகமாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது.


எழுதியவர்: குன்னூர்ச் சாரல்

நான் மருத்துவர். முதலில் அப்பாவின் உடல்நிலை. உதகை 2,200 மீட்டருக்கு மேல். வந்த அன்று மாலை சேரிங் கிராஸ், தேவாலயம் இரண்டுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள். விடியற்காலைக் குளிரில் காதை மூடாமல் வெளியே வரக்கூடாது. தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இங்கே பிளாஸ்டிக் புட்டிக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் புட்டி கொண்டுவாருங்கள்.

அடுத்தது, உங்கள் இருவருக்கும் சொந்தமான இடம் ஒன்று குன்னூரில் இருக்கிறது. ரயிலில் ஏறிவரும்போதோ ஞாயிறு இறங்கும்போதோ, சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிலையத்தின் பழைய கட்டடத்தைப் பாருங்கள். நாய்க்கடிக்கு மருந்தில்லாமல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்கிற பெண் 1902இல் இறந்துபோனார். அதன் பிறகு எழுந்த முயற்சியில் 1907இல் தென்னிந்தியாவுக்காகத் தொடங்கிய நிலையம் இது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் சிறுவயதில் பயமுறுத்துவார்களே, அந்த மருந்து தயாரித்த இடம். உங்கள் அப்பா அந்தக் குப்பிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார். உள்ளே போக முன்னனுமதி வேண்டும், ஆனால் வாசலில் நின்று பார்க்க யாரும் தடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. ராபர்ட் மெக்கரிசன் என்கிற மருத்துவர் 1918இல் இங்கேதான் ஓர் அறையில், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுப் பிரிவு வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

கொய்னா என்றால் மலேரியாவும் நினைவுக்கு வரும் என்பதால் இதையும் சொல்கிறேன். கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், அதே 1897ஆம் ஆண்டில் சில மாதங்கள் முன்பு உதகைக்கு வந்திருந்தபோது அவருக்கே மலேரியா கண்டது. குணமாகிச் செகந்திராபாத் போய், ஆகஸ்ட் 20ஆம் தேதி நுண்ணோக்கியில் அந்தக் கிருமியைப் பார்த்தார். கொய்னா விளைந்த மலையடியிலேயே அவரைக் காய்ச்சல் பிடித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.


எழுதியவர்: வைகைக்கரை

தங்கச்சி, கருத்தரங்கு ஏற்பாட்டாளர்கள் "உள்ளூர்ச் சுற்றுலா" என்று பஸ் விட்டால் யோசித்து ஏறுங்கள். எங்கள் துறை மாநாட்டில் சுற்றுலா நடத்துபவர் ஒருவர் ஒரே நாளில் ஏழு இடம் என்று பணம் வாங்கினார். மே மாதம். தொட்டபெட்டா ஏறும் சாலையில் வண்டி இரண்டு மணி நேரம் நின்றது. 2,637 மீட்டர் சிகரம் என்று கேள்விப்பட்டுப் போன நாங்கள் முன்னால் நின்ற பஸ்ஸின் பின்கண்ணாடியைத்தான் பார்த்துவிட்டு வந்தோம். ரோஜாப் பூங்காவுக்கு இருபது நிமிடம், ஏரிக்கு பதினைந்து நிமிடம், கடைக்கு மட்டும் ஒரு மணி நேரம். என் மனைவிக்கு உதகை என்றால் இன்றைக்கும் டீசல் வாடைதான். அவளுக்கு அந்த ஊரை ஒழுங்காகக் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் எனக்குப் போகவே இல்லை. பிப்ரவரியில் அந்த நெரிசல் இருக்காது. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.


எழுதியவர்: வானலை

இயற்பியல் படிப்பவன் என்பதால் விட்டுப்போக மனமில்லை. உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970இல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம்மவர்களே கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை; அதே அளவு சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து வடக்குத் தெற்காக அமைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையின் சரிவையே கருவியின் பாகமாக ஆக்கிய அறிவு அது. இந்த முறை நேரம் இருக்காது, அடுத்த முறை வாருங்கள் அக்கா.


எழுதியவர்: பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மரத்துக்குப் பாசி வைத்துக் கட்டியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஒத்தைக்கல் ஐயாவிடம் ஒரு சந்தேகம் கேட்கச் சொல்கிறார்: மரத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? நல்ல நீலகிரித் தைலத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?


எழுதியவர்: ஒத்தைக்கல்

அப்பாவிடம் சொல்லுங்கள்: காப்பிச் செடியின் குடும்பம்தான் சின்கோனா. எனவே இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். உள்ளங்கையைவிட அகலமான இலை. முதிர்ந்த இலை விழுவதற்கு முன் செக்கச்சிவந்துவிடும். பச்சை மரத்தில் அங்கங்கே ஒரு சிவப்பு இலை தொங்கினால் அதுதான். பூ சிறியது, இளஞ்சிவப்பு, இதழ் ஓரத்தில் பஞ்சு போல மயிர் இருக்கும், நல்ல மணம்.

தைலம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். யூக்கலிப்டஸை நாங்கள் கற்பூர மரம் என்போம். இலையையும் இளங்கிளையையும் பெரிய கொப்பரையில் அடைத்து, தண்ணீர் ஊற்றி மூடி, அடியில் தீ எரிப்பார்கள். ஆவி குழாய் வழியாக ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து சொட்டும். மேலே மிதப்பது தைலம். தெளிவாக, நீர்போல இருக்கும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கறை தெரியாமல் பறந்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை வட்டமாக நின்றால் கலப்படம். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்க வேண்டாம்.


எழுதியவர்: பொருநைக்கரை

தைலத்தில் அதன் முக்கியச் சத்தான சினியோல் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று வகுப்பில் எத்தனையோ ஆண்டாகச் சொல்லித் தருகிறேன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும்படி மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை, ஐயா. இந்தப் பருவத்திலிருந்து சொல்வேன்.


எழுதியவர்: பொருநைக்கரை

திரும்பி வந்துவிட்டோம். பத்து நாள் ஆகிறது. தாமதத்துக்கு மன்னியுங்கள், விடைத்தாள் திருத்தும் வேலை.

ரயில் டிக்கெட் கிடைத்தது. அப்பா ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கி இன்ஜின் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார். தேவாலயத்தில் நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. திப்புவின் அரண்மனை மரம் என்று சொன்னதும் செருப்பில்லாத காலோடு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

நேர்கோடு ஐயா, இது உங்களுக்காக. வெள்ளிக்கிழமை மூன்று மணி அமர்வில் அப்பாவையும் உட்காரவைத்தேன், பொறுப்பாளர்கள் அனுமதித்தார்கள். அரங்கில் பத்தொன்பது பேர். சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவி, பழைய மருந்துகளின் கசப்பை மறைக்கும் பூச்சு பற்றிப் பேசினாள். கேள்வி நேரத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா கை தூக்கினார். "கொய்னா சல்பேட் வெறும் தண்ணீரில் கரையாது. நாங்கள் நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு விட்டுக் கரைப்போம். கரைந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் புட்டியின் ஓரத்தில் நீலமாக ஒளிரும். அந்த நீலத்தைப் பார்த்தால்தான் மருந்து சரியாக இருக்கிறது என்று எங்களுக்குத் திருப்தி. உங்கள் பூச்சுக்குப் பிறகும் அந்த நீலம் தெரியுமா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அமர்வு முடிந்ததும் ஓடிவந்து, அந்த நீலத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். மறுநாள் மதிய இடைவேளையில் கடையில் டானிக் வாட்டர் வாங்கி வந்தோம். அதில் கொய்னா உண்டே. குரோமட்டோகிராபித் தகடு பார்க்கிற புறஊதா விளக்குப் பெட்டிக்குள் ஒரு குவளை ஊற்றி வைத்தோம். இருட்டில் குவளை முழுக்க நீலம். ஏழெட்டு மாணவர்கள் தலையை முட்டிக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். என் போஸ்டரை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

ஞாயிறு காலை கூடலூர் பஸ் பிடித்தோம். நடுவட்டத்தில் இறங்கியதும் பழைய சிறைச்சாலையைப் பார்த்தோம். சீனக் கைதிகளைக் கொண்டுவந்து சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கிய இடம், இப்போது அருங்காட்சியகம். அந்த அறைகளுக்குள் அப்பாவால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. "நாம் கலந்த மருந்தில் இவர்கள் வியர்வையும் இருந்திருக்கிறது" என்றார். அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

மரத்தை எங்களுக்குக் காட்டியவர் தேயிலை பறிக்கும் ஓர் அம்மா. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர்களுக்காகத்தான் அரசு தேயிலைத் தோட்டமே தொடங்கினார்களாம். "கொய்னா மரமா? வாங்க ஐயா" என்று பத்தே நிமிடத்தில் கூட்டிப்போனார். தேயிலை வரிசைக்கு நடுவே தனியாக, உயரமாக, மெலிந்து நின்றது. சாம்பல் நிறப் பட்டையில் வெள்ளைப் படலம் திட்டுத் திட்டாக. நடுக்கிளையில் இரண்டு சிவப்பு இலைகள். கேத்திக்காரர் அண்ணா சொன்னபடி முதலில் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன்.

அப்பா பட்டையை உரிக்கவில்லை. கையை மட்டும் அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தார். விரல் நடுங்கியது, குளிரா வேறொன்றா என்று நான் கேட்கவில்லை. கீழே விழுந்து கிடந்த சிவப்பு இலை ஒன்றை எடுத்துத் தன் பழைய மருந்துக் குறிப்பேட்டில், கொய்னா மிக்ஸ்சர் எழுதியிருக்கும் பக்கத்தில் வைத்தார்.

குன்னூர் டாக்டரம்மாவிடம் ஒரு மன்னிப்பு: திரும்பும்போது பாஸ்டர் நிலைய வாசலில் பஸ் நிற்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் காட்ட முடிந்தது.


எழுதியவர்: நேர்கோடு

பத்தொன்பது பேர். அதில் ஒருவர் எண்பது வயதில் கேள்வி கேட்டிருக்கிறார். அடுத்த கருத்தரங்கை நான் நடத்தும்போது உங்கள் தந்தைக்கு அழைப்பு அனுப்புவேன். சிறப்பு விருந்தினராக வேண்டாம், மூன்று மணி அமர்வில் முன்வரிசையில் ஒரு நாற்காலி.


எழுதியவர்: ஒத்தைக்கல்

அம்மணி, அந்த இலையை உடனே குறிப்பேட்டிலிருந்து எடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துக் குறிப்பேடும் கெட்டுப்போகும். இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே நரம்பு விரிய வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். காய்ந்த பிறகு கெட்டி அட்டையில் ஒட்டி, ஊர், தேதி, எடுத்தவர் பெயர் மூன்றையும் கீழே எழுதிவிடுங்கள். எடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கட்டும்.


எழுதியவர்: பொருநைக்கரை

எடுத்துவிட்டேன், ஐயா. ஓரம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது. தாள் மாற்றும் வேலையை அப்பா என்னிடம் தரவில்லை. காலையில் செய்தித்தாள் வந்ததும், படிப்பதற்கு முன்பே நேற்றைய தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.